முதுகு ஏன் வளைந்தது என்று டாக்டர் எழுதட்டும்

அன்புள்ள கயல்விழி,

ஆர்த்தோ டீமுக்கு மாறியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பிசியோதெரபி முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள் நீ. நோயாளியின் முதுகைத் தொட்டுப் பார்த்துப் படித்திருக்கிறாய். ஸ்கோலியோசிஸ், அதாவது பக்கவாட்டில் வளைந்த முதுகு, சார்ட்டாகக் கையில் வரும்போது அந்தப் படிப்பு பெரிய துணையாக இருக்கும். உன்னைத் தவறான கோடுக்கு இழுத்துப் போவதும் அதே படிப்புதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாதிரிக்கு ஒரு சார்ட்டை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆர்த்தோ கிளினிக். 14 வயதுப் பையன். குறைமாதப் பிரசவம், ஸ்பாஸ்டிக் குவாட்ரிப்ளீஜிக் செரிப்ரல் பால்சி, சக்கர நாற்காலி, பேக்லோஃபென் மருந்து. எக்ஸ்ரே அறிக்கையில் தொராகோலம்பார் வளைவு, காப் கோணம் 62 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது, மறுபக்கம் தோல் சிவக்கிறது என்று அம்மா சொன்னதையும் டாக்டர் எழுதியிருக்கிறார். அசெஸ்மெண்டுக்கு வந்தால் இரண்டே வரி: ‘1. ஸ்கோலியோசிஸ். 2. செரிப்ரல் பால்சி.’

படித்த உடனே உனக்குப் புரிந்துவிடும். முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைகள் சமமாக இழுக்காததால் வளைந்த முதுகு அது. கை தானாக எம்41.45-க்கு, அதாவது நியூரோமஸ்குலர் ஸ்கோலியோசிஸுக்கான கோடுக்கு, போகும். அங்கேதான் நிற்க வேண்டும். ஒன்று இன்னொன்றால் வந்தது என்று அந்த இரண்டு வரிகளில் எங்கும் இல்லை. கோட் புத்தகத்தின் இண்டெக்ஸில் ‘வித்’, ‘டியூ டு’ என்று கோத்திருக்கும் நோய்களுக்குத்தான் தொடர்பை நாமே எடுத்துக்கொள்ள அனுமதி. இந்த ஜோடிக்கு அந்தச் சலுகை கிடையாது. உன் அறிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது டாக்டர் எழுதிய நோயறிதல் ஆகாது.

இன்னொரு பக்கமும் நம்மை இழுக்கும். வயது 14 என்பதைப் பார்த்து எம்41.12-இல், அதாவது அடோலசென்ட் இடியோபதிக்கில், போட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். காரணம் தெரியாத வளைவு என்பதும் டாக்டர் சொல்ல வேண்டிய முடிவு. வயதை வைத்து நாம் எடுப்பதல்ல. நியூரோமஸ்குலர் வளைவுக்கான அறுவை சிகிச்சை பெரும்பாலும் இடுப்பெலும்பு வரை நீளும். நுரையீரல், தொற்று எனச் சிக்கல்களும் கூடுதல். அந்தப் பையனை ஓடியாடும் பிள்ளைகளின் கூட்டத்தில் சேர்த்துவிட்டால், சிறப்பு இருக்கைக்கு இன்சூரன்ஸ் ஒப்புதல் கேட்கும்போது அவன் ரெக்கார்டே அவனுக்கு எதிராக நிற்கும்.

ஆக, செய்ய வேண்டியது குவெரி, அதாவது டாக்டருக்கு எழுத்தில் அனுப்பும் கேள்வி. உன் பிசியோ படிப்பு முழுவதையும் இங்கே கொட்டு. ‘இது நியூரோமஸ்குலர் ஸ்கோலியோசிஸ்தானே?’ என்று கேட்டால் பதிலை நீயே வாயில் வைத்ததாகிவிடும். சார்ட்டில் உள்ளவற்றைத் தேதியோடு வரிசையாக வை: செரிப்ரல் பால்சியின் வகை, கோணம், இடுப்புச் சாய்வு. பிறகு வளைவின் காரணத்தைக் குறிப்பிட முடியுமா என்று கேள். நியூரோமஸ்குலர், இடியோபதிக், வேறு காரணம், இப்போது சொல்ல இயலாது என்று தேர்வுகள் கொடு. எந்தப் பதிலுக்கு எவ்வளவு பணம் என்ற பேச்சே வரக்கூடாது. நம் துறை அமைப்புகளான அஹிமாவும் ஆக்டிஸும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த குவெரி வழிகாட்டியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

டாக்டர் ‘செரிப்ரல் பால்சியால் வந்த ஸ்கோலியோசிஸ்’ என்று எழுதிவிட்டால் எம்41.45, கூடவே அந்தச் செரிப்ரல் பால்சிக்கான ஜி80.0. எம்41.4-இன் கீழ் ‘கோட் ஆல்சோ’ என்றுதான் குறிப்பு. எது முதலில் என்பதை அன்றைய வருகையின் காரணம் தீர்மானிக்கும். தொராகோலம்பார் என்ற இடத்தை எக்ஸ்ரே அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைப் படித்தவரும் மருத்துவரே. போலியோவில் நிலைமை வேறு. சிறு வயதில் போலியோ வந்து இப்போது முதுகு வளைந்த பெரியவருக்கு முதலில் எம்41.4, பின்னால் போலியோவின் பின்விளைவுக்கான பி91. நரம்புத்தசை நோய் அல்லாத வேறொன்றால் வந்தது என்று டாக்டர் எழுதினால்தான் எம்41.5 பக்கம் போக வேண்டும்.

எம்41-இன் தொடக்கத்திலேயே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ் பட்டியலைப் பார்க்காமல் கீழே இறங்காதே. குழந்தைப் பருவத்தில் வில்ம்ஸ் கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு அதனால் முதுகு வளைந்திருந்தால், கேட்பதற்கு எம்41.5 போலத்தான் இருக்கும். அதன் இடம் எம்96.5. பிறவியிலேயே எலும்பு அரைகுறையாக உருவானதால் வந்த வளைவு க்யூ76.3. அவுட்பேஷண்ட் நோட்டில் ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’ என்று எழுதியிருந்தால் அந்த நோயைக் கோட் செய்ய முடியாது. டிஸ்சார்ஜ் ஆகும் இன்பேஷண்டுக்கு விதி வேறு. இரண்டு வேலையும் ஒரே ஷிஃப்டில் வரும் நாளில் இது குழம்பும். எந்த செட்டிங் என்று முதலில் பார்த்துக்கொள்.

மணிக்கு இத்தனை சார்ட் என்ற டார்கெட் உன் தலைமேல் நிற்பது எனக்குத் தெரியும். குவெரி எழுதும் நேரம் அந்தக் கணக்கில் வராது என்று டீம் லீட் சொன்னால், அந்தச் சார்ட்டை ஹோல்டில் போடும் வழியைக் கேள், வாய்விட்டுக் கேள்.

டாக்டர் பதிலே தராமல் போகும் நாட்களும் உண்டு. அப்போது வகை குறிப்பிடாத ஸ்கோலியோசிஸுக்கான எம்41.9 போடு, ஜி80.0-ஐயும் போடு, குவெரி போன தேதியை நோட்ஸில் குறித்துவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போ. அந்தப் பையன் மறுபடி வரும் நாளில் சார்ட் யார் கைக்குப் போனாலும், கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் ஆடிட்டர் அக்கா