இருமல் மருந்து – அறிந்து அருந்துவோம்

சீத்தா கேம்ப்பில் எந்த மருந்துக்கடையிலும் "இருமல் மருந்து ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு பாட்டில் கைக்கு வந்துவிடும். டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தயங்கும் குடும்பங்களுக்கு இது வசதிதான். ஆனால் 'இருமல் மருந்து' என்று ஒரே ஒரு மருந்து கிடையாது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலை செய்யும் மருந்துகளை அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த எண்ணெயையும் இன்ஜினில் ஊற்றுவதற்கு முன் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். வயிற்றுக்குள் போகும் மருந்துக்கு அந்தப் பாடம் இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

பாட்டிலில் 'எக்ஸ்பெக்டரன்ட்' என்று இருந்தால் அது சளியை இளக்கி வெளியேற்றும் மருந்து. கொய்ஃபெனசின், புரோம்ஹெக்ஸின், அம்ப்ராக்ஸால் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. நெஞ்சில் கட்டியிருக்கும் சளி நீர்த்துப்போனால் இருமும்போது எளிதாக வெளியே வரும். ஆகவே இதைக் குடித்தும் இருமல் நிற்கவில்லையே என்று குறைப்படுவதில் பொருளில்லை. இருமித்தான் சளி வர வேண்டும். 'டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்' என்று போட்டிருந்தால் அது இருமலையே அடக்கும் மருந்து. சளி இல்லாத வறட்டு இருமலுக்கு உரியது. இவை இரண்டையும் சேர்த்துக் குடித்தால் என்ன ஆகும்? ஒன்று சளியை இளக்கும். மற்றொன்று அதை வெளியே வரவிடாது. சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்பது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எக்ஸ்பெக்டரன்ட் மருந்துகள் பெரும் பலன் தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று குறைவு. வேண்டிய அளவு தண்ணீர் குடிப்பதும் சளி இளகத் துணை செய்யும். நம் வீட்டுச் சுக்குக் கஷாயத்திலும் பாதி பலன் அந்த வெந்நீருடையதாகத்தான் இருக்க வேண்டும்!

இன்னொன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் விற்கும் பல எக்ஸ்பெக்டரன்ட்களில் டெர்புடலின் அல்லது சால்பியூட்டமால் என்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் இதனால் வரலாம். இதய நோய், இரத்த அழுத்தம், தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரட்டைத் தொல்லை: இந்த மருந்தே இரத்தச் சர்க்கரையைக் கூட்டக்கூடியது, போதாததற்கு சிரப்பில் உள்ள இனிப்பு வேறு. சட்டப்படி இவை டாக்டர் சீட்டின் பேரில் விற்க வேண்டியவை. லேபிளில் 'குளோர்பெனிரமின்' என்று கண்டால் தூக்கம் வரும் என்று பொருள். ஆட்டோ, லாரி ஓட்டுபவர்களும் மெஷினில் வேலை செய்பவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது. 'பாராசிட்டமால்' இருந்தால், காய்ச்சல் மாத்திரையும் கூடவே போட்டுக்கொள்வது அதே மருந்தை இருமுறை உண்பதாகும்.

அடுத்தது அளவு. மருந்துக் கணக்கில் டீஸ்பூன் என்றால் 5 மி.லி.; டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. ஒன்றை மற்றதாக நினைத்தால் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். வீட்டு ஸ்பூன்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் கோடு போட்ட அளவு மூடியைத் தூக்கி எறியாமல், அதிலேயே அளந்து கொடுங்கள். பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் விளையாட்டே கூடாது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிஃப்' என்ற சளி சிரப்பைக் குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அம்மாநிலத்தில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அது தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தொழிற்சாலையில். எஸ்.ஆர்-13 என்ற தொகுதியைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். சிரப்பைக் கரைக்கப் பயன்படும் திரவம் தரமற்றதாக இருந்து, அதைச் சோதிக்காமல் ஊற்றினால் இந்த நச்சு மருந்தில் ஏறிவிடும். மும்பைக்கும் இது புதிதல்ல. 1986-ல் ஜே.ஜே. மருத்துவமனையில் இதே நச்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்து, நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது. உள்ளே வரும் சரக்கைச் சோதிக்காமல் வேலையில் ஏற்றாதே என்ற சாதாரண விதியை மீறியதற்கு எத்தனை உயிர்கள்!

இந்த நச்சைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. நம்மால் முடிந்தது சில உண்டு. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவித்தபடி, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப் கூடவே கூடாது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக ஏற்றதல்ல. ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். அதற்குக் கீழே தேனும் ஆகாது. மருந்து வாங்கினால் பில் கேளுங்கள், மருந்து தீரும்வரை பாட்டிலை மாற்றாதீர்கள். மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லும் அறிவிப்பு வந்தால் அது பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணை வைத்துத்தான் வரும். சிரப் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ நின்றாலோ, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம் பகுதிக்கென்றே சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. ஜனதா காலனியிலிருந்து 1976-ல் அப்புறப்படுத்தப்பட்டு இங்கே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நெருக்கமான வீடுகளில்தான் வாழ்கிறோம். பக்கத்திலேயே தேவ்னார் குப்பைமேடு. இங்கே ஒருவர் இருமினால் "புகைதான் காரணம், தூசிதான் காரணம்" என்று மாதக்கணக்கில் பாட்டில் மேல் பாட்டிலாகக் குடிப்பார். 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அது காசநோயாக இருக்கலாம். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் இரத்தம் என்றால் 2 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எந்த சிரப்பும் காசநோய்க் கிருமியைத் தொடாது. சிரப் குடித்து நாள் கடத்தும் அந்த மாதங்களில் ஒரே அறையில் படுக்கும் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றிவிடும். மாநகராட்சி சுகாதார நிலையத்திலும் கோவண்டி சதாப்தி மருத்துவமனையிலும் சளிப் பரிசோதனை இலவசம். நோய் இருந்தால் மருந்தும் இலவசம். சாதாரண வகைக் காசநோய் 6 மாத மருந்தில் குணமாகும். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

பரிசோதனைக்குக் காலையில் எழுந்ததும் வரும் சளியே சிறந்தது. வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி, அவர்கள் தந்த டப்பாவிலேயே துப்ப வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.