மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படி

அன்புள்ள கண்ணம்மா,

போனில் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "சித்தி, முதல் குழந்தைக்கு முன்னாடியே மாத்திரை போட்டா, அப்புறம் கருவே தங்காதாமே?" பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

28 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். இதைக் கேட்காத புதுப்பெண் அபூர்வம். சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தந்த மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையை எடு. 28 மாத்திரை இருக்கும். 21-இல்தான் ஹார்மோன், பழுப்பாக இருக்கும் 7-ம் வெறும் இரும்புச்சத்து. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் மறந்தாலே பாதுகாப்பு போய்விடும் என்று தினமும் போடச் சொல்கிறோம். அத்தனை சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற மருந்து, நிறுத்திய பிறகு வருஷக்கணக்கில் கருப்பையைப் பூட்டி வைக்குமா? பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சினைமுட்டை பழையபடி வெளிவரத் தொடங்கிவிடும்.

தாமதம் உண்டு என்றால் அது அந்தரா என்ற கருத்தடை ஊசியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. கடைசி ஊசிக்குப் பின் கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். அதில் பலருக்குத் தீட்டும் நின்றுபோகும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குது" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கருப்பையின் உள்சவ்வு தடிக்காததால் வெளியேற எதுவும் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. மாத்திரை போடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நிரந்தரமான வழிக்குத் துணிகிறோம், நாளைக்கே நிறுத்தக்கூடியதற்கு நடுங்குகிறோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

பயப்பட வேண்டியது வேறு. இந்த மாத்திரையால் சிலருக்கு ரத்தம் உறையலாம். அபூர்வம்தான், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அந்த ஆபத்து இதைவிட அதிகம். ஆனாலும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. முதல் மாதங்களில் வரும் குமட்டலுக்குப் பயப்படாதே, இரவு சாப்பிட்டபின் போட்டுக்கொள்.

முதல் மாத்திரைக்கு முன் பிரஷர் பார்த்துவிடு. இன்னொன்று: அக்காவுக்குக் கண்ணில் மின்னலடித்தபின் ஒற்றைத் தலைவலி வருமே, அது உனக்கும் உண்டா? இருந்தால் இந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பர்-டி பற்றிக் கேள். எனக்கும் உடனே போன் பண்ணு.

உன்
சித்தி