வெண்கலக் கவசம் கற்பிக்கும் பாடம்



செருப்பு காலுக்குப் பொருந்துமா என்பது பார்த்தால் தெரியாது; போட்டு நடந்தால்தான் தெரியும். பூர்வீகக் கவசம் ஒன்றும் இதையே நமக்குப் போதிக்கிறது.

1960-ம் ஆண்டில் கிரேக்க நாட்டின் தெந்திரா என்னும் சிற்றூரில் பழங்காலக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். அதனுள்ளே வெண்கலத் தகட்டாலான முழுக் கவசம் கிடந்தது. அது கி. மு. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வொரு தகடு. தோளுக்கும் கழுத்துக்கும் தனிக் காப்பு. இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காய்த் தொங்கும் வளைந்த தகடுகள். காட்டுப்பன்றியின் கோரைப் பற்களால் அமைந்த தலைக்கவசம். இன்று இவை நாப்பிலியோன் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன.

இதைக் கண்ட அறிஞர் பலர், “இவ்வளவு பருத்த கவசத்தை அணிந்து யார் சண்டையிடுவான்? இது ஊர்வல அலங்காரத்துக்கே உதவும்” என்று எண்ணினார்கள். அவ்வெண்ணம் பல்லாண்டு நீடித்தது.

பழைய கவசத்தை அணிந்து பார்க்க முடியாது. அதைக் கட்டியிருந்த தோல்வார்கள் மக்கிப்போயின. ஆகவே அதே வடிவில் புதிய கவசம் தேவைப்பட்டது. 1980-களில் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரின் கலைக் கல்லூரி ஒன்றில் அது உருவாயிற்று. அதன் எடை 23 கிலோவுக்கும் அதிகம்.

பிறகு கிரேக்க சேனையைச் சேர்ந்த 13 வீரர்கள் அத்தகைய கவசம் அணிந்து 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்தார்கள். ஹோமரின் இலியட் காவியத்தில் வரும் போர் விவரங்களை ஒட்டியே பயிற்சி வகுக்கப்பட்டது. ரொட்டி, மாட்டிறைச்சி, ஆட்டுப்பால் கட்டி, ஒலிவக்காய், வெங்காயம், திராட்சரசம் என உணவும் பழைய முறைப்படியே. அவர்களுடைய நாடித் துடிப்பையும் உடற்சூட்டையும் அளந்தார்கள். வீரர்கள் களைத்தார்கள், கவசத்தின் பாரத்தால் உடம்பு வலித்தது. ஆயினும் நாள் முழுவதும் ஓடினார்கள், ஈட்டி எறிந்தார்கள், வாள் வீசினார்கள். அவர்களுக்குப் பெருங்கேடு ஒன்றும் நேரவில்லை. இம்முடிவு 2024-ல் வெளியாயிற்று.

இதனால் தெளிவாவது என்ன? இக்கவசம் போருக்குத் தகும் என்பதே. கல்லறையில் கிடந்த அம்மனிதன் இதை அணிந்து போரிட்டான் என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது. கூடும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு.

பெற்றோரே, இவ்விரண்டையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: சோதித்துப் பாராமல் “ஆகாது” என்னாதே, சோதித்த பின்னும் கண்டதற்கு மேல் சொல்லாதே.