டப்பாவில் ஒட்டிய எண்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லை ஊர்களில் காலையில் பழங்கஞ்சி குடிப்பது பழைய வழக்கம். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார்கள். காலையில் அது லேசாகப் புளித்திருக்கும். உப்பும் காந்தாரி மிளகாயும் சேர்த்துப் பிசைந்து குடிப்பார்கள். பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு இருந்தால் வயிறு நிறைந்துவிடும்.

அந்தக் கஞ்சியைப் புளிக்க வைத்தது யார்?

கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள். இவற்றை நுண்ணுயிர்கள் என்கிறோம். பால் தயிராவதும் இவற்றால்தான். தோசை மாவு பொங்குவதும், பதநீர் கள்ளாக மாறுவதும் இவற்றால்தான்.

இப்படிப்பட்ட உயிர்கள் நம் குடலிலும் வாழ்கின்றன. ஒன்று இரண்டு அல்ல. நம் உடலில் எத்தனை உயிரணுக்கள் உண்டோ, ஏறக்குறைய அத்தனை நுண்ணுயிர்கள் உண்டு. அவை அனைத்தையும் சேர்த்து நிறுத்தால் சுமார் 200 கிராம் வரும். நாம் செரிக்க முடியாத நாரை அவை உண்கின்றன. உடலுக்கு வேண்டிய சில சத்துகளைச் செய்து தருகின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. சில நேரம் அவற்றில் சிலவே தொல்லையும் தருகின்றன. இந்தக் கூட்டம் முழுவதற்கும் விஞ்ஞானிகள் வைத்த பெயர் மைக்ரோபயோம்.

இதைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. கண்டுபிடித்த விஞ்ஞானியின் பெயர் செய்தித்தாளில் வருகிறது. ஆனால் குடலுக்குள் இருப்பதை எப்படி ஆராய்வது? மலத்தை எடுத்துத்தான். அந்த மலத்தை யார் கொடுத்தார்கள்? யார் வாங்கி வந்தார்கள்? யார் கழுவினார்கள்? அவர்கள் பெயர் வருவதில்லை.

முதலில் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. கைத்தறிக்குப் பேர் போன ஊர். நல்ல துணியா என்று பார்க்க இழையை எண்ணுவார்கள் அல்லவா? 300 ஆண்டுகளுக்கு முன்பு ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். துணி வியாபாரிகள் அன்று கண்ணாடி வில்லை வைத்து இழையைப் பார்த்தார்கள். அவர் தானே இன்னும் வலுவான வில்லைகளைத் தேய்த்துச் செய்தார். அதில் குளத்து நீரைப் பார்த்தார். தன் பல்லில் படிந்த அழுக்கைப் பார்த்தார். வயிற்றுப்போக்கு வந்தபோது தன் மலத்தையும் பார்த்தார். எல்லாவற்றிலும் சின்ன உயிர்கள் ஓடின. 1683-ல் பல் அழுக்கில் கண்டதை லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார்.

லேவன்ஹூக்குக்கு நன்றாகப் படம் வரையத் தெரியாது. கூலிக்கு ஓவியர் வைத்து வரைய வைத்தார். உலகம் முதலில் பார்த்த கிருமிப் படங்கள் அந்தக் கைகள் வரைந்தவை.

சமையல் அறையிலிருந்து வந்த யோசனை

கிருமிகளைப் பார்த்தால் மட்டும் போதாது. தனித்தனியாக வளர்க்கவும் வேண்டும். 1881-ல் ஜெர்மனியில் இதற்கு வழி தெரியாமல் திண்டாடினார்கள். இறைச்சிச் சாற்றில் ஜெலட்டின் கலந்து கெட்டியாக்கி அதன் மேல் வளர்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்தன.

அங்கே வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் வேலை செய்தார். அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. கணவரின் ஆய்வுக்குப் படம் வரைந்து உதவியவர். அவர் வீட்டில் செய்யும் பழக்கூழ் வெயிலிலும் உருகாது. காரணம், அவர் அதில் அகர் சேர்ப்பார். அகர் என்பது கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒருவரிடமிருந்து அந்தப் பக்குவம் அவர் குடும்பத்துக்குக் கிடைத்திருந்தது. "அதையே போட்டுப் பாருங்கள்" என்று யோசனை சொன்னார். யோசனை பலித்தது. இன்றுவரை உலகம் முழுவதும் கிருமி வளர்ப்பது அகர் மேல்தான். ஆனால் 1882-ல் காசநோய்க் கிருமி பற்றி ராபர்ட் கோக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஃபேனியின் பெயர் இல்லை.

நம் வீடுகளிலும் நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு. சைனா கிராஸ் என்று கடையில் கேட்டு வாங்குவது அதுதான். ராமேசுவரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி இந்த வகைப் பாசியைப் பறிக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கும் அந்தக் கடலுக்கும் தூரம் அதிகம். ஆனாலும் தொடர்பு உண்டு.

வேலூரில் கதவைத் தட்டியவர்கள்

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கியது. பாறசாலைப் பக்கத்திலிருந்தும் பலர் வைத்தியத்துக்கு ரயில் ஏறிப் போவது அங்கேதான். குடல் நுண்ணுயிர் ஆய்வு அங்கே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

1980-ல் ஆல்பர்ட், மாதன், பேக்கர் என்ற மூவர் அங்கிருந்து ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். பி12 என்ற வைட்டமின் இரத்தம் ஊற வேண்டும். மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் அது உண்டு. நம் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்களும் அதைச் செய்கின்றன என்று இவர்கள் காட்டினார்கள். சிறுகுடலில் இருப்பதை எடுக்க மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்க வேண்டும். அதற்கு இசைந்தவர்கள் நோயில்லாத சாதாரண மனிதர்கள். குழாயை விழுங்குவது சுகமான வேலை அல்ல.

2002-ல் வேலூரில் இன்னொரு பெரிய வேலை தொடங்கியது. சின்ன அல்லாபுரம், ராம்நாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய பகுதிகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்தார்கள். அங்கே பல வீடுகளில் பீடி சுற்றுவதே தொழில். குழந்தைகளுக்கு மூன்று வயது ஆகும்வரை பின்தொடர்வது திட்டம். ககன்தீப் காங் போன்ற மருத்துவர்கள் இதை நடத்தினார்கள். வீடு வீடாக நடந்தவர்கள் களப்பணியாளர்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்துக்கு இரண்டு முறை போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தை வாங்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும் வாங்க வேண்டும். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, பாப்பா எப்படி இருக்கு? நேத்து எத்தனை தடவை போச்சு?"

"நாலு தடவை போச்சும்மா. தண்ணி மாதிரி."

"காய்ச்சல் இருக்கா? பால் குடிக்குதா? இந்தாங்க டப்பா. இதுக்குள்ளேயே சின்னக் கரண்டி இருக்கு. உப்பு சர்க்கரைக் கரைசல் குடுத்தீங்களா?"

இது சின்னப் பேச்சுதான். ஆனால் இதற்குள் எவ்வளவோ இருக்கிறது. மலம் என்றால் நம் ஊரில் மூக்கைப் பிடிப்பார்கள். அதைத் தொடுகிறவரைத் தள்ளி நிறுத்துவார்கள். அந்த வெட்கத்தை இரண்டு பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து கடக்க வேண்டும். மாமியார் சந்தேகப்படுவார். "என் பேரன் மலத்தை எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லத் தெரிந்தால்தான் அடுத்த முறை கதவு திறக்கும்.

டப்பாவின் மேல் குழந்தையின் பெயர் இருக்காது. எண்தான் இருக்கும். யாருடைய மலம் என்று வெளியார் அறியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எண்ணும் தேதியும் தவறாமல் எழுத வேண்டும். 6 என்பதை 0 போல எழுதிவிட்டால் ஒரு குழந்தையின் நோய் இன்னொரு குழந்தையின் கணக்கில் ஏறிவிடும். பிறகு எந்தப் பெரிய இயந்திரத்தாலும் அதைத் திருத்த முடியாது.

மூன்று ஆண்டும் முழுதாக நின்றவர்கள் 373 குழந்தைகள். மற்றவர்கள் ஊர் மாறினார்கள், விலகினார்கள், சிலர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் குழந்தைகளை எப்படித் திரும்பத் திரும்பத் தாக்குகிறது என்பது இந்த வீடுகளிலிருந்து தெரிந்தது. 2011-ல் அந்த முடிவு வெளிவந்தது. 2016 முதல் இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

ஐஸ் பெட்டியும் பெரிய குக்கரும்

டப்பா ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடம் போகும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் மாறிவிடும். புளித்த மாவை மறுநாளும் வெளியே வைத்தால் என்ன ஆகும்? அது போலத்தான். ஆகவே வண்டி ஓட்டுகிறவர் வழியில் டீ குடிக்க நின்றால்கூட நேரம் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பதிவேட்டில் ஏற்றுவார். இன்னொருவர் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரிப்பார். பிறகு மிகக் குளிர்ந்த பெட்டியில் வைப்பார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதைக் கவனிக்கும் காவலாளி இரவில் தூங்கிவிட்டால் பல ஆண்டு உழைப்பு உருகிவிடும். வேலை முடிந்த கழிவை அப்படியே கொட்ட முடியாது. பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஓர் இயந்திரத்தில் 121 டிகிரியில் அவித்த பிறகே அகற்ற வேண்டும். அதைச் செய்பவர் துப்புரவுத் தொழிலாளி. அவர் ஒரு நாள் வராவிட்டால் கூடம் நின்றுவிடும்.

2016-ல் வேலூர்க் குழந்தைகளைப் பற்றி இன்னொரு ஆய்வு வெளிவந்தது. வளர்ச்சி குன்றிய 10 குழந்தைகள், அப்படி இல்லாத 10 குழந்தைகள். இவர்கள் பல மாதங்களில் கொடுத்த மலத்தை ஒப்பிட்டார்கள். நன்றாக வளர்ந்தவர்களிடம் பிஃபிடோ வகை நுண்ணுயிர் ஒன்று கூடுதலாக இருந்தது. பழைய டப்பாக்களில் எண் சரியாக இருந்ததால்தான் இந்தக் கணக்கைப் போட முடிந்தது.

2000-ல் வெளிவந்த மற்றொரு வேலூர் ஆய்வு இன்னும் கடினமானது. ராமகிருஷ்ணா என்ற மருத்துவரும் குழுவினரும் காலரா வந்த 48 பேருக்கு வைத்தியம் செய்தார்கள். சிலருக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல். சிலருக்கு அதோடு அரிசி மாவு. சிலருக்கு எளிதில் செரிக்காத சோள மாவு. செரிக்காத மாவு பெருங்குடல் வரை போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதை உண்டு ஒரு வகை அமிலத்தை விடும். அந்த அமிலம் உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுக்க உதவும். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. செரிக்காத மாவு குடித்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. இதை எப்படி அறிந்தார்கள்? நோயாளியின் மலத்தை இரவும் பகலும் சேர்த்து நிறுத்துப் பார்த்துத்தான். அந்தத் தராசின் அருகில் யாரோ ஒருவர் நின்றிருந்தார்.

சோறு ஆறும்போது அதன் மாவிலும் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறுகிறது. அதற்காகப் பழங்கஞ்சி காலராவுக்கு மருந்து ஆகாது. பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாழைக்காயும் கடலை மாவும்

வங்காள தேசத்தின் டாக்கா நகரிலும் இப்படி வீடு வீடாகப் போனார்கள். எடை குறைந்த குழந்தைகளின் குடலில் நுண்ணுயிர்க் கூட்டம் வயதுக்கு ஏற்ப வளரவில்லை என்று 2014-ல் கண்டார்கள். பிறகு ஒரு சத்துணவு செய்தார்கள். கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை மாவு, பச்சை வாழைக்காய் ஆகியவை அதில் முக்கியம். தாய்மார் மூன்று மாதம் தினமும் இரண்டு வேளை குழந்தைகளுக்கு அதை ஊட்டினார்கள். வேறு சத்துணவு சாப்பிட்ட குழந்தைகளைவிட இவர்கள் எடை வேகமாக ஏறியது. 2021-ல் இது வெளிவந்தது.

நம் எல்லை ஊர்களிலும் வாழைக்காயைக் காய வைத்துப் பொடித்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவது உண்டு. இதுவும் டாக்கா உணவும் ஒன்றல்ல. ஆனால் அங்கே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் நம் பாட்டிமார் கைப்பட்ட பொருள்தான்.

உங்கள் வீட்டுக்கு வந்தால்

இந்த வேலை இப்போது நமக்குப் பக்கத்திலும் நடக்கிறது. திருவனந்தபுரம் பேருந்தில் பாப்பனங்கோடு தாண்டுவீர்கள். அங்கே மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நுண்ணுயிர்கள் பற்றியும் அங்கே ஆய்வு உண்டு. கேரள அரசும் மைக்ரோபயோம் ஆய்வுக்கென்றே திருவனந்தபுரத்தில் ஒரு மையம் அமைத்துள்ளது.

ஒரு நாள் டப்பாவோடு ஒருவர் உங்கள் வாசலுக்கு வரலாம். அவர் முதலில் ஒரு தாளைத் தர வேண்டும். என்ன ஆய்வு, என்ன எடுப்பார்கள், எதற்கு, யார் நடத்துகிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று பேசுகிற ஊர் இது. மலையாளத் தாள் புரியாவிட்டால் தமிழில் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். ஆனால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். இவை 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளில் உள்ளவை.

தாளை மெதுவாகப் படியுங்கள். அவசரம் இல்லை. சம்மதித்த பிறகும் எந்த நாளும் விலகலாம். விலகினாலும் மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் குறையக் கூடாது. அந்த வரி தாளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.