அழுக்குத் துணியும் ஆண்டவனும்

கேள்வி: என் மாமியாருக்கு 82 வயது. நினைவு தப்பிவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை விரிப்பை மாற்றித் துவைப்பது என்றே பொழுது போய்விடுகிறது. கோயிலுக்குப் போய் மாதக்கணக்காகிறது. வீட்டில் விளக்கேற்றுவதோடு சரி. 'எல்லாவற்றிலும் கடவுளைப் பார், செய்கிற வேலையே பூஜை' என்று சொற்பொழிவுகளில் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ஒரே நாளில் மூன்றாவது தடவை விரிப்பை அலசும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, கடவுள் தெரியவில்லை. என் பக்தியில்தான் குறையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: குறை எதுவும் இல்லை. 'எல்லாவற்றிலும் கடவுளைப் பார்' என்பதை மைக் பிடித்துச் சொல்வது சுலபம். சொல்பவர் வீட்டு விரிப்பை யார் துவைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பிருகதாரண்யக உபநிஷதத்தில் அந்தர்யாமி பிராமணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பூமி, தண்ணீர், நெருப்பு, காற்று, கண், காது, மனம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குள் இருந்துகொண்டு அதை நடத்துகிறவன் ஒருவன் என்கிறார் யாக்ஞவல்கியர். உலகமே இறைவனின் உடல் என்று ராமாநுஜர் சொன்னதற்குப் பெரிய ஆதாரம் இந்தப் பகுதிதான். ஆனால் சொற்பொழிவுகளில் விட்டுப்போகிற ஒரு விஷயமும் அதிலேயே உண்டு. உள்ளே இருப்பவனைப் பூமி அறியாது, தண்ணீர் அறியாது, மனமும் அறியாது என்று ஒவ்வொன்றுக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறார். அவன் இருப்பதற்கு நீங்கள் உணர்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கோபத்தோடு துவைத்தாலும் அவன் அங்கிருந்து எழுந்து போய்விடுவதில்லை.

எல்லாவற்றிலும் கடவுளைப் பார்ப்பது அர்ஜுனனுக்கே கைவரவில்லை. எந்தெந்தப் பொருளில் உன்னை நினைப்பது என்று கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கேட்கிறான். மரங்களில் அரசு, மாதங்களில் மார்கழி, நதிகளில் கங்கை என்று கண்ணன் ஒரு பட்டியல் கொடுக்கிறான். (ஏமாற்றுகிறவற்றில் சூதாட்டம் என்பதும் அதில் வருகிறது. சீட்டாடுகிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் சொல்வார்கள்!) எல்லாவற்றிலும் ஒரே நாளில் பார்க்க யாராலும் ஆகாது என்பதால்தான் அந்தப் பட்டியல். உங்களுக்கும் ஒன்று போதும். மாமியாருக்கு ஊட்டும் முதல் கவளத்தை மட்டும் நைவேத்தியமாக நினைத்துக் கொடுங்கள். மற்றது வேலையாகவே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் திருக்குறிப்புத் தொண்டர். 63 நாயன்மார்களில் ஒருவர். காஞ்சிபுரத்தில் சலவைத் தொழில் செய்தவர். அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதே அவருடைய தொண்டு. குளிர் காலத்தில் ஒருநாள், மெலிந்த முதிய அடியார் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். உடம்பு குளிர் தாங்காது, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்துவிட வேண்டும் என்கிறார். தொண்டர் ஒப்புக்கொண்டு துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. முதியவர் குளிரில் வாடுவாரே என்று தாங்காமல், துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார். அந்தக் கல்லின் அருகே ஒரு கை எழுந்து தடுத்தது என்கிறது பெரியபுராணம்.

அந்தக் கை வரும் வரை, முதியவராக வந்திருப்பது சிவபெருமான் என்று தொண்டருக்குத் தெரியாது. அவர் கண்ணில் பட்டது ஒரு கிழவரின் நடுக்கமும் காயாத துணியும்தான். அழுக்கில் தெய்வீகத்தை ரசித்துக்கொண்டு நின்றதாகச் சேக்கிழார் எங்கும் பாடவில்லை. துணி காயவேண்டுமே என்ற கவலை இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கவலை உங்களுக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் மூன்றாவது தடவை எதற்கு அலசுகிறீர்கள்?

'வேலையே பூஜை' என்பதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. வீட்டில் ஒருத்தி தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துவிட இந்த வாசகம் மிகவும் வசதியானது. சரஸ்வதி பூஜையன்று அரிவாள்மனை, சுத்தியல் முதல் லாரி வரை சந்தனம் குங்குமம் வைத்து வணங்குகிறோம். அன்று அவற்றை எடுத்து வேலை செய்வதில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தைப் பிள்ளைகள்கூடத் தொடுவதில்லை. கருவிக்கே ஒருநாள் ஓய்வு கொடுக்கிற சம்பிரதாயம் நம்முடையது. கைகளுக்கு வேண்டாமா?

எனவே கோயிலை விட்டுவிடாதீர்கள். பிரதோஷம் மாதத்துக்கு இரண்டு முறை வரும். பூஜை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் கணவர் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய அம்மாதானே.