பழஞ்சேலையில் மீன் போர்வை

காணியை விட்டு வந்த குடும்பங்களிடம் மண்வெட்டி இல்லாவிட்டாலும் இரண்டொரு பழஞ்சேலை இருக்கும். மூட்டை கட்டி வந்ததே அதில்தான். உக்குவளைத் தையல் வகுப்பில் நாம் அந்தச் சேலையிலிருந்தே ஆரம்பித்தோம்.

வங்காளக் கிராமங்களில் இதனைக் காந்தா என்பார்கள். தேய்ந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே மீனும் தாமரையும் தைப்பார்கள். 1971 யுத்தத்துக்குப் பின்னர் பங்களாதேசில் பெண்களுக்கு வருமானம் தேடிய அமைப்புகள் இந்த வீட்டுத் தையலைக் கையிலெடுத்தன. பிராக் நிறுவனம் 1978இல் தொடங்கிய ஆரொங் கடைகள் அதனை நகரத்தில் விற்றன.

எமக்கும் மீனே வசதி. 1976 முதல் மகாவலித் தண்ணீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்க வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் சேருகிறது. அந்தக் கரையில் விளையாடும் பிள்ளைகளுக்கு மீன் வரைய யாரும் கற்பிக்கத் தேவையில்லை. பத்திரிகைத் தாளில் அவர்களே வரைந்து வெட்டட்டும். கோணலாக வந்தால் திருத்த வேண்டாம்.

ஆறு யார் நூல்சேலை ஒன்றில் நாலு அடி நீளத் துண்டுகள் நான்கு கிடைக்கும். நல்ல துண்டுகளை மேலும் கீழும் வைத்து, நைந்தவற்றை நடுவில் வையுங்கள். முன்னதாகத் துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நாம் இதனைச் செய்யாமல் விட்டு, ஒரு சிவப்பு மீன் போர்வை முழுவதையும் ரோசாவாக்கிவிட்டது.

கைத்தையல் மேல்துண்டில் மட்டும், அடுக்குவதற்கு முன்பே முடிய வேண்டும். பிள்ளைகளின் பழைய உடுப்பில் மீனை வெட்டி, ஓரத்தைப் பொத்தான்துளைத் தையலால் பிடியுங்கள். செட்டைக்குக் காம்புத் தையல், கண்ணுக்கு முடிச்சுத் தையல். பின்னர் நான்கு துண்டையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நான்கு விரல் இடைவெளியில் பெரிய தையல் ஓட்டுங்கள். இதில் அவசரப்பட்டால் சுருக்கம் நிச்சயம்.

இனி மெஷின். துணியை இழுக்கும் பற்களை இறக்குங்கள்; இறங்காத பழைய மெஷினில் ஊசிக்குத் துளையிட்ட மட்டையை அதன்மேல் ஒட்டலாம். பாதத்தைக் கழற்றி, துணியை வளையத்தில் இறுக்குங்கள். பாதம் இல்லாவிட்டாலும் அதன் நெம்பைக் கீழே இறக்க மறக்க வேண்டாம். இறக்காவிட்டால் மேல்நூல் தளர்ந்து அடியில் சிக்காகும். பொபின் நூலை மேலே எடுத்து, இரு நுனியையும் பிடித்துக்கொண்டு மிதியுங்கள்.

இப்போது துணியை நகர்த்துவது உங்கள் கைகள்தான். கால் ஒரே வேகத்தில் ஓடட்டும், கை மெதுவாகப் பிறை பிறையாகச் செதில்களை வரையட்டும். கை முந்தினால் தையல் நீளும், வெடுக்கென்று இழுத்தால் ஊசி முறியும். விரல்கள் வளையத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். முதலில் கந்தைத் துணியில் ஒரு மணித்தியாலமாவது பழகுங்கள். மண்வெட்டி பிடித்த கைக்கு இது வராது என்று சில சகோதரிகள் பின்வாங்குவார்கள். எமது வகுப்பில் அந்தக் கைகள்தான் ஆடாமல் நின்றன.

விற்பவர்கள் தைத்த மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று வியாபாரி பேசும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். முதற் போர்வையை மட்டும் விற்க வேண்டாம். மாத்தளைப் பக்கத்து இராக் குளிருக்குப் பிள்ளைக்கு அது தேவை.