படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை!

எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, திண்டிவனம் பக்கத்தில் இளநிலை அறிவியல் சேர்ந்த மாணவி ஒருவர் இரண்டு மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தார். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆங்கிலத்தில் 80-க்கு மேல் மதிப்பெண் எடுத்தவர். “சார், புக்கைப் படிச்சா புரியுது. கிளாஸ்ல இங்கிலீஷ்ல நடத்தினா ஒண்ணுமே புரியல. நின்னுடலாம்னு இருக்கேன்” என்றார்.

பிளஸ் டூ ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. கண்ணால் படிப்பதைச் சோதிக்கும் அளவுக்குக் காதால் கேட்பதை நாம் சோதிப்பதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்விலோ கேட்டலுக்கு 40 வினாக்கள், வாசித்தலுக்கும் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும்.

வாசித்தலையும் சரியாகத்தான் சோதிக்கிறோமா? ‘தி பிலோங் கிராஸ்டு தி ரோடு’ என்று எழுதி, ‘ஹூ கிராஸ்டு தி ரோடு?’ என்று கேளுங்கள். ‘தி பிலோங்’ என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். பிலோங் என்று ஒன்றும் இல்லை! வரியைப் பார்த்து எழுதுவது புரிதல் ஆகாது. ‘ஏன்?’, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற வினாக்களே புரிதலைக் காட்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

• ஒரே அளவு கடினமுள்ள, நூறு சொல் கொண்ட இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் ரயில் சந்திப்பின் அறிவிப்பு போன்ற, பிள்ளைகள் அறிந்த செய்தியாக இருக்கட்டும்.

• பாதி வகுப்பு முதல் பத்தியைப் படிக்கட்டும், இரண்டாவதைக் கேட்கட்டும். மறுபாதிக்கு மாற்றிக் கொடுங்கள்.

• வினாக்களை முன்பே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நாம் சோதிப்பது நினைவாற்றலை.

• இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தால் உண்மை நிலை தெரியாது.

• விடையைத் தமிழிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். சோதிப்பது புரிதலை, எழுத்துப்பிழையை அல்ல.

விடைத்தாள் சொல்வது என்ன?

இரண்டிலும் தவறு என்றால் சொல்வளம் போதவில்லை. வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும். படித்ததில் சரி, கேட்டதில் தவறு என்றால் சொல் தெரியும், அதன் ஒலி பழகவில்லை. ‘தெர்ட்டீன்’, ‘தெர்ட்டி’ குழம்பும். ‘அ லாட் ஆஃப்’ என்ற மூன்று சொல் ‘அலாட்டவ்’ என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். கேட்டதில் சரி, படித்ததில் தவறு என்றால் எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே சிக்கல். மூவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் பயனில்லை.

அந்த மாணவிக்கும் இதே சோதனையை, அவருடைய பாடநூல் பத்திகளைக் கொண்டே வைத்தேன். படித்த ஐந்தும் சரி. கேட்டதில் ஒன்றுதான் சரி. “உனக்கு இங்கிலீஷ் தெரியும்மா, காதுதான் பழகல” என்றேன். தினமும் பத்து நிமிடம் ஒலிப்பதிவைக் கேட்டு, பிறகு அதே பத்தியைப் பார்த்துச் சரிபார்க்கச் சொன்னேன். படிப்பை அவர் நிறுத்தவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டதை அவர் ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். நம் ஆங்கிலப் பாடநூல்களில் கேட்டல் பயிற்சிகள் உள்ளன. தேர்வில் வராது என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடாமல், வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குவோம்.